வெயிலுக்குப் பழக்குவது

எங்கள் வீட்டுக்குள் வெயில் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் வரும். நாலு மாடிக் கட்டடத்தில் முதல் மாடியின் பின்பக்க வீடு. பின்னறை ஜன்னலைத் திறந்தால் கைநீட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பகல் பதினொன்றே முக்காலுக்கு இரண்டு சுவருக்கும் நடுவில் வெயில் நேராக இறங்கி, ஜன்னலோரத் தரையில் ஒரு தலையணை அகலத்துக்கு விழும். மெதுவாக அலமாரிப் பக்கம் நகர்ந்து பன்னிரண்டு ஐந்துக்குப் போய்விடும். மழை மாதங்களில் அதுவும் கிடையாது.

குடிவந்த புதிதில் என் மனைவி அந்த வெயிலுக்கென்றே ஒரு ஸ்டூல் வைத்திருந்தாள். ஸ்டூல் மேல் மூன்று சட்டி. வெயில் நகர நகர அவளும் ஸ்டூலை நகர்த்துவாள். அடுப்பில் வைத்தது தீய்ந்தாலும் ஸ்டூல் நிற்காது. தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடிகள் அவை. நர்சரிக்காரர்கள் சக்குலென்ட் என்பார்கள். அவள் குண்டுச்செடி என்றாள். இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பார்க்க ஒரு பூவைப் போல இருக்கும். இருபது நிமிட வெயில் அதுகளுக்குப் போதவில்லை. இரண்டே மாதத்தில் நடுத்தண்டு நீண்டு, இலைகள் விலகி, எதையோ எட்டிப் பார்ப்பதுபோல எல்லாம் ஜன்னல் பக்கம் சாய்ந்தன.

"கழுத்து நீட்டிருச்சு," என்றார் மச்சான். அவளுடைய அண்ணன். "வெளிச்சத்துக்கு ஏங்குது குட்டி. என்கிட்ட குடுத்துடு."

அவள் கொடுக்கவில்லை. கடைக்குப் போய் நாலு ட்யூப் விளக்கு வாங்கி வந்தாள். செடிக்கென்றே விற்பது. பின்னறையில் இரும்பு அலமாரி ஒன்றை நிறுத்தி, ஒவ்வொரு தட்டுக்கு மேலேயும் ஒரு சாண் உயரத்தில் ஒரு விளக்கைக் கட்டினாள். சுவரில் பிளக்கோடு சேர்ந்த ஒரு டைமர். வட்டமான முகத்தில் சின்னச் சின்னப் பற்கள், நடுவில் திருகும் சக்கரம். காலை ஆறுக்கு எரியும், இரவு எட்டுக்கு அணையும். எரியும்போது ஒரு டக், அணையும்போது ஒரு டக். அதற்கப்புறம் அந்த வீட்டில் என்னை எழுப்புவது அந்த முதல் டக்தான்.

மச்சான் பைபாஸ் ரோட்டோரம் நர்சரி வைத்திருக்கிறார். அங்கே ஒரு தகரக் கொட்டகை, ஒரு பச்சை வலைப் பந்தல், மற்றபடி வானம். காலையில் விழும் வெயில் சாயங்காலம்வரை அவர் முதுகிலேயே நிற்கும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று சக்கர வண்டியோடு வந்து, அவள் வளர்த்த செடிகளைத் தட்டுத்தட்டாக ஏற்றிக்கொண்டு போவார், தன் கடையில் வைத்து விற்க. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன கரண்ட் ஆபீஸ், சௌக்கியமா?"

"வாங்க சூரியனோட ஏஜென்ட். இன்னைக்கு லீவா?"

"விளக்குல வளர்றதுக்குப் பேரு செடியா குட்டி? அது போட்டோ."

"உன் செடி மூஞ்சியப் போய்ப் பாரு. ரோட்டுல நின்னு நின்னு பஸ் கண்டக்டர் மாதிரி ஆயிருச்சு. என் செடியப் பாரு, எப்படி இருக்கு."

"ஆபீசர் மாதிரி இருக்கு. ஒரு நாள் வெளிய விட்டாத் தெரியும்."

"ஏன் வெளிய விடணும்? உன் சூரியன் மேகம் வந்தா லீவு போட்டுரும். என் சூரியன் பதினாலு மணி நேரம் டூட்டி."

"கரண்ட் போனா?"

"உனக்குச் சாயங்காலம் ஆனா?"

சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே இது போய்க்கொண்டிருக்கும். "மாப்ளே, நீங்க சொல்லுங்க, வெளிச்சத்த வெச்சுப் பொழைக்கிற ஆளு," என்று என்னை இழுப்பார். நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லித் தட்டை நீட்டுவேன். உள்ளுக்குள் நான் மச்சான் கட்சி. ட்யூப் லைட் எங்கே, வெயில் எங்கே என்று நினைப்பேன். சொன்னதில்லை.

வெளிச்சத்தை வைத்துப் பிழைப்பது என்று அவர் சொன்னது என் வேலையை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறேன். முப்பத்தோரு வருஷம். கல்சக்கரம் தண்ணீரில் சுற்றும். லென்ஸின் விளிம்பை அதில் கொடுத்து, ஃபிரேமின் வளைவுக்கு வரும்வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கையெல்லாம் வெள்ளைச் சேறு. கடைசியில் கழுவி, துடைத்து, ஜன்னலுக்கு நேராகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒரு விரல் தடம் இருந்தாலும் முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் எந்தச் சட்டை போட்டாலும் பையில் ஒரு லென்ஸ் துணி இருக்கும்.

என் மனைவிக்கு முப்பத்தைந்து வயதிலேயே கண்ணாடி வந்துவிட்டது. மற்றவர்கள் காதுக்கம்பியைப் பிடித்துக் கழற்றுவார்கள். அவள் லென்ஸையே பிடித்து இழுப்பாள், மண் கையோடு. நான் சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே கண்ணாடியை நீட்டுவாள்.

"இந்தாங்க, ஓவர்டைம்."

"கம்பியப் பிடிச்சுக் கழட்டுன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"வீட்டுலயே ஆள் வெச்சிருக்கேன். நான் ஏன் கஷ்டப்படணும்?"

துடைத்துக் கொடுப்பேன். மறுநாள் அதே இடத்தில், இடது லென்ஸின் கீழ் ஓரத்தில், அதே கட்டைவிரல்.

செடி விஷயத்தில் அவளும் அப்படி ஒன்று சொல்வாள். அலமாரிப் பக்கம் போனாலே, "கைய வைக்காதீங்க, தடம் விழுந்தா போகாது," என்பாள். எனக்குத் தெரியாத சங்கதியா என்று நினைத்துக்கொள்வேன். விரலில் எண்ணெய்ப்பசை உண்டு. அதற்காகத்தானே துணி என்று ஒன்று இருக்கிறது. அவள் ஏன் என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரல் என்றார்கள். பிறகு ரத்தத்துக்குப் பரவிவிட்டது என்றார்கள். பதினோரு நாள். அவளை வைத்திருந்த கூடத்துக்கு ஜன்னல் இல்லை. ட்யூப் விளக்குகள் இருபத்துநாலு மணி நேரமும் எரிந்தன. ஏழாவது நாள் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "இவங்க லைட்ட அணைக்கவே மாட்டாங்களா?" என்றாள். "செடிக்கே நான் எட்டு மணிக்கு அணைச்சுருவேன்." மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டேன். கண்ணாடி இல்லாமல் என் முகம் அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. அதை நினைத்து ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பதினோராவது நாள் மத்தியானம் ஒரு நர்ஸ் அவளுடைய பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, பேர் எழுதிக் கொடுத்தாள். சீப்பு, துண்டு, செருப்பு, கண்ணாடிக்கூடு. வீட்டுக்கு வந்ததும் அதை முன்னறை அலமாரிக்கு மேலே தள்ளி வைத்தேன். யார் யாரோ வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். டீக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது நினைவிருக்கிறது. வீட்டில் அத்தனை கோப்பைகள் இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும்.

நாலாவது நாள் வேலைக்குப் போய்விட்டேன். முதலாளி, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமே," என்றார். "வீட்ல இருந்து என்ன பண்றது," என்றேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மூன்றாவது வாரம் ஒரு பெரியவரின் கண்ணாடியில் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் போட்டுவிட்டேன். அவர் ஒரு நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு அலைந்துவிட்டு வந்து, "ஊரே ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு தம்பி," என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்தேன், சிரிப்பு மாதிரி.

எங்களுக்கு ஒரே மகள். இருபத்துமூன்று வயது. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. அம்மா போன பிறகு ஒரு வாரம் லீவு சொன்னாள். அதை இரண்டு வாரம் ஆக்கினாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பின்னறைக்குப் பாயைக் கொண்டுபோய்விட்டாள். ஜன்னல் திரையை இழுத்து, ஓரத்தில் ஊசி குத்தி வைத்துவிட்டாள். காலையில் விளக்கு எரியும்போது எழுந்திருப்பாள், அணையும்போது படுப்பாள். நடுவில் செடிகளுக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரொட்டியும் முட்டையும் வைத்தால் பாதி சாப்பிடுவாள். நாற்பத்தாறு சட்டி, ஒரு இலைத்தட்டு. அந்தத் தட்டில் இருந்தவை காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் அம்மா பறித்துப் பரப்பிய இலைகள். குண்டுச்செடி அப்படித்தான் பெருகும்: ஒரு இலையைத் திருகி எடுத்து மண்மேல் கிடத்தினால், அதன் அடியில் வேர் வந்து, கடுகளவு ஒரு செடி வரும். தட்டின் ஓரத்தில் அவள் அம்மாவின் கையெழுத்தில் தேதி.

மின்சாரம் போய்ப் போய் வந்ததில் டைமர் பின்தங்கிக்கொண்டே வந்தது. இரண்டாவது மாதம் விளக்கு எரிவதற்கு எட்டே முக்கால் ஆனது. நான் சக்கரத்தைத் திருப்பக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்கப்பா."

"நேரம் தப்பா ஓடுது."

"அம்மா வெச்ச நேரம். அப்படியே இருக்கட்டும்."

அந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

மச்சான் தினமும் சாயங்காலம் கடைக்குப் போன் செய்வார். வீட்டுக்கு அவர் வரவில்லை. முதல் மாதம் ஒரு தடவை வந்து, பின்னறை வாசல்வரை போய், அலமாரியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்.

"பாப்பா சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"வெளிய போனாளா?"

"இல்ல."

"நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"என்ன சொல்றது மச்சான்."

"மாப்ளே, அவ செடிக்குக் காவல் உக்காந்திருக்கா. செடி அங்க இருக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டா. வெயிலுக்குக் கொண்டு போங்க செடிய. பின்னாலயே அவளும் வந்துருவா."

"சரி மச்சான்."

அதன்பின் ஒரு வியாழக்கிழமை பல் டாக்டரே அவளைக் கூப்பிட்டார். பீரோச் சாவி அவளிடம் இருந்தது. புதிதாக வரும் பெண்ணுக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. வாசலில் நின்று, "விளக்க அணைச்சுராதீங்க," என்றாள். நான் கடைக்குப் போன் செய்து மத்தியானம் வருவதாகச் சொன்னேன்.

செடிகளை மொட்டைமாடிக்குக் கொண்டுபோக ஏழு நடை ஆனது. மூன்று மாடி ஏற வேண்டும். ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி ஏறினேன். ஒரு சட்டிகூடச் சாயவில்லை. மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, நிழல் விழாத இடமாகப் பார்த்து வரிசையாக வைத்தேன். துணி காயப் போட வந்த மேல்வீட்டுப் பெண், "கண்காட்சியா அண்ணே?" என்றாள். "காத்தாட வெச்சிருக்கேன்," என்றேன்.

வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, இலைகள் மேலெல்லாம் சாம்பல் பூத்தாற்போல வெள்ளையாகப் படிந்திருந்தது. இரண்டு மாதமாக மூடிக்கிடந்த அறையின் தூசி என்று நினைத்தேன். என்னால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. முப்பத்தோரு வருஷமாகக் கலங்கலான எதையும் நான் அப்படியே விட்டதில்லை. சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்தேன். புதுத்துணி. லென்ஸைத் துடைப்பதுபோலவே நடுவிலிருந்து விளிம்புக்கு, அழுத்தாமல், ஒவ்வொரு இலையாக. விரல் ஒன்றின்மேலும் படவில்லை. அவள் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். வெள்ளை போகப் போக அடியிலிருந்து பச்சை பளபளவென்று வந்தது. நீலச் சட்டியில் இருந்த பெரிய செடியின் வெளி இலை ஒன்றில் மட்டும் யாரோ ஏற்கெனவே விரலை வைத்துவிட்டிருந்தார்கள். வெள்ளைக்கு நடுவே கட்டைவிரல் அளவுக்குப் பச்சை. அந்த இடத்தைச் சுற்றி இரண்டு தடவை துடைத்து, தடமே தெரியாமல் சமமாக்கினேன்.

பதினொன்றரைக்கு முடிந்தது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு வேலையை முடித்தேன் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். கீழே வந்து கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போனேன்.

நாலரை மணிக்குத் திரும்பியபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பின்னறையில் விளக்குகள் காலி அலமாரி மேல் எரிந்துகொண்டிருந்தன. மேலே போனேன். மகள் சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்தாள். தன் துப்பட்டாவை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டி, சட்டிகளையெல்லாம் அதன் நிழலுக்கு இழுத்து வைத்திருந்தாள். காலையில் பளபளத்த இலைகள் வெந்த வெங்காயம் மாதிரித் தொளதொளத்து, கண்ணாடி நிறத்துக்கு வந்திருந்தன. சிலவற்றில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. இலைத்தட்டில் இருந்தவை உமி போலச் சுருண்டு கிடந்தன. அவள் தலையைத் தூக்கவில்லை.

"மாமாவுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றாள்.

மச்சான் அரை மணி நேரத்தில் வந்தார். வண்டியில் பச்சை வலைச் சுருள். ஒரு சட்டியைத் தூக்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு வெச்சீங்க மாப்ளே?"

"பத்து மணிக்கு."

"வலை இல்லாமலா?"

"வெயிலுக்குக் கொண்டு போகச் சொன்னீங்களே."

அவர் சட்டியைக் கீழே வைத்தார். "அவ குடுத்த ஒரு சட்டியக்கூட நான் நேரா வெயில்ல வெச்சதில்ல. மொத வாரம் வலைக்கு அடியில. அப்புறம் காலைல கால் மணி நேரம். அப்புறம் அரை மணி. வெயிலுக்குப் பழக்க மூணு வாரம் ஆகும். தெனமும் போன் பண்ணுவா, இன்னைக்கு எத்தன நிமிஷம் வெச்சேன்னு. ஒரு நிமிஷம் கூடிருச்சுன்னா அவ்வளவுதான், கிழிச்சுருவா." "எப்படின்னு நான் உங்களுக்குச் சொல்லல. தெரியும்னு நெனச்சேன். கூடவே இருந்த ஆளாச்சேன்னு."

பதினோரு வருஷம், அவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்.

"இது ஏன் இப்படி மொட்டையா இருக்கு?" என்றார் மச்சான், இலையைத் தொடாமல் விரலைக் காட்டி. "மாவு எங்க போச்சு?"

"என்ன மாவு?"

"இலை மேல வெள்ளையா இருக்குமே. அதுதான் மாப்ளே அதுக்குக் குடை. வெயில் தாங்கறதே அதாலதான். ஒரு தடவ போச்சுன்னா அந்த இலைக்குத் திரும்ப வராது."

"தூசின்னு நெனச்சுத் தொடச்சேன்," என்றேன். துணியை எடுத்துக் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. துணியில் வெள்ளை இருந்தது.

மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "எல்லாத்தையுமா?"

"ஆமா."

"நீலச் சட்டியையும்?"

"ஆமா."

"அதுல அம்மா வெரல் இருந்துச்சுப்பா." சத்தமாகச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு, கீழ விழப்போச்சுன்னு பிடிச்சாங்க. அய்யோ கைய வெச்சுட்டேனேன்னு அவங்களே சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னேன்."

நான் தலையாட்டினேன். அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை துடைத்திருந்தேன்.

பத்தொன்பது சட்டிகளை மச்சான் மண்ணோடு ஒரு சாக்கில் கொட்டினார். மிச்சத்தைக் கீழே கொண்டுபோய்த் திரும்ப விளக்குகளுக்கு அடியில் வைத்தார்கள். நீலச் சட்டி பிழைத்துவிட்டது. வெளி இலைகள் மட்டும் பழுப்பாகி, தழும்பு மாதிரிக் காய்ந்தன. மச்சான் போகும்போது டைமரைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சக்கரத்தைத் திருப்பினார்.

"மாமா, அது அம்மா வெச்ச நேரம்."

"நான் வர்ற ஞாயித்துக்கிழமையெல்லாம் உங்கம்மா தவறாம இதத் திருப்புவா பாப்பா. எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு நேரா இங்கதான் வருவா. இது சோம்பேறி, தள்ளித் தள்ளி விட்டாத்தான் ஓடும்னு சொல்லுவா. நீ பாத்ததில்ல?"

அவள் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் என்னிடம் பேசவில்லை. நான் ரொட்டியை வைத்தேன், தட்டை எடுத்தேன். விளக்கு ஆறுக்கு எரிந்தது, எட்டுக்கு அணைந்தது. அவள் கோபமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. ஒரு ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டு பேர் போல இருந்தோம். அழுதால் நன்றாக இருக்கும் என்று முதலாளி சொன்னார். அழுகை எங்கே வைத்திருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பத்தாவது நாள், ஒரு சனிக்கிழமை. கடையில் ஒரு டீச்சரம்மா கண்ணாடியை மூக்குத்தாங்கி உடைந்துவிட்டதென்று கொடுத்தார்கள். சரிசெய்தேன். கழுவுவதற்கு முன் வழக்கம்போல ஜன்னலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். இடது லென்ஸில், கீழ் ஓரத்தில், ஒரு கட்டைவிரல். அவர்களும் லென்ஸையே பிடித்துக் கழற்றுகிறவர்கள் போல. துணியை எடுத்தேன். துணி பாதி வழியில் நின்றது.

ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளும் நான் அவளுடைய கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"முதலாளி, ஒரு அவசரம், வீட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன்," என்றேன். அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே மேஜையில் வைத்துவிட்டுப் போனேன்.

முன்னறை அலமாரி மேலிருந்த பிளாஸ்டிக் பையை இறக்கினேன். நர்ஸ் போட்ட முடிச்சு இறுகியிருந்தது; பல்லால் அவிழ்த்தேன். கண்ணாடிக்கூட்டைத் திறக்காமல் பின்னறை வாசலில் போய் நின்றேன். விளக்கு வெளிச்சத்தில் மகள் நீலச் சட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத நீ திற," என்றேன். "கம்பியப் பிடிச்சு எடு. லென்ஸத் தொடாத."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கூட்டை வாங்கி, திறந்து, இரண்டு விரலால் கம்பியைப் பிடித்து எடுத்தாள்.

"இடது பக்கம். கீழ."

விளக்குக்கு அடியில் பிடித்தாள். நாலு ட்யூபும் லென்ஸில் நாலு வெள்ளைக் கோடாக விழுந்தன. திருப்பினாள், சாய்த்தாள். "ஒண்ணும் தெரியல. மங்கலா இருக்கு, அவ்வளவுதான்."

"ட்யூப் லைட்ல தெரியாது. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருது. ஒரே பக்கமிருந்து வரணும்." பதினோரு வருஷம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்விக்கு நான் சொன்ன முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "மணி பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு."

அவளுக்குப் புரிந்தது. கண்ணாடியை என்னிடம் கொடுக்கவில்லை. ஒரு கையில் பிடித்தபடியே இன்னொரு கையால் திரையின் ஓரத்து ஊசியைப் பிடுங்கினாள். திரையை இழுத்தபோது கொண்டிகள் சிக்கின. நான் போய்ப் பிடித்து இழுத்தேன். ஜன்னலோரத் தரையில் தலையணை அகலத்துக்கு வெயில் விழுந்திருந்தது. இரண்டு மாதத்துத் தூசி அதில் சுற்றியது. இது தூசிதான்.

குனிந்து வெயிலுக்குள் கண்ணாடியைப் பிடித்தாள். மெதுவாகச் சாய்த்தாள்.

"நிறுத்து. அங்கதான்."

லென்ஸின் கீழ் ஓரத்தில் கட்டைவிரல் தெரிந்தது. நீள்வட்டமாக, ஒரு பக்கம் கொஞ்சம் இழுபட்டு. கோடுகள் உள்ளே சுழித்து, சுழித்து, நடுவில் முடிந்தன. ஒரு கோட்டில் மண் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது.

"கோடு கோடா இருக்குப்பா," என்றாள்.

"ஆமா."

"தொடச்சுராதீங்க."

"இல்ல."

துணி சட்டைப்பையில் இருந்தது. எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன். எவ்வளவு நேரம்தான் அவள் குனிந்தே பிடித்திருப்பாள். மூலையில், பழைய பேப்பர் கட்டுக்கு அடியில் அந்த ஸ்டூல் கிடந்தது. கட்டை இறக்கிவிட்டு அதைக் கொண்டுவந்து போட்டேன். கண்ணாடிக்கூட்டை அதன்மேல் நிறுத்தி, கூட்டின்மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். ஒரு தடவை பார்த்தோம். வெயில் நகர்ந்தது, தடம் மறைந்தது. அவள் ஸ்டூலை ஒரு சாண் அலமாரிப் பக்கம் தள்ளினாள். திரும்பத் தெரிந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குள் மூன்று தடவை தள்ளினோம்.